ஸ்டிக்கரைக் கிழிக்கும் முன்

பௌர்ணமி முடிந்த மறுநாள் காலையில் திருவண்ணாமலை செங்கம் சாலையோரம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தால், ஊர் திரும்பும் வேன்களைப் படித்துக்கொண்டே இருக்கலாம். படிப்பது என்று தெரிந்தேதான் சொல்கிறேன். முன் கண்ணாடியின் மேல்பட்டையில் மலையும் தீபச்சுடரும், பின் கண்ணாடியில் ரமணரோ விசிறி ஏந்திய யோகி ராம்சுரத்குமாரோ, பக்கவாட்டில் டிராவல்ஸ் பெயர், கதவோரம் கடன் கொடுத்த ஃபைனான்ஸின் முத்திரை. இவற்றுக்கு நடுவே இன்னொரு வகை எழுத்தும் உண்டு. ஸ்டிக்கர் இருக்காது, அதன் நிழல் இருக்கும். பழைய முதலாளியின் பெயர், அழிந்த பள்ளிக்கூடத்தின் பெயர், தோற்றுப்போன வேட்பாளரின் சின்னம். சுரண்டி எடுத்த பிறகும் பெயிண்டில் தெளிவாகத் தெரியும். வண்டி கைமாறிவிட்டது, பெயர் கைமாறவில்லை.

ஒட்டுவது பற்றித் தமிழில் ஒரு சொலவடையே உருவாகிவிட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது நிவாரணப் பொருட்கள்மீது முதல்வர் படம் ஒட்டியதாகக் கிளம்பிய சர்ச்சைக்குப் பிறகு, அடுத்தவர் வேலைக்குப் பெயர் வாங்குவதை ‘ஸ்டிக்கர் ஒட்டுவது’ என்கிறோம். எடுப்பதைப் பற்றிச் சொலவடை எதுவும் இல்லை. இருப்பதெல்லாம் ஒரே கேள்விதான்: எதைப் போட்டுத் தேய்த்தால் போகும்? மண்ணெண்ணெயா, பெட்ரோலா, தின்னரா, தேங்காய் எண்ணெயா? ஒவ்வொருவரும் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள், எல்லாப் பதிலும் ஏதோ ஒரு வண்டியில் பலித்திருக்கிறது, ஏதோ ஒரு வண்டியைக் கெடுத்தும் இருக்கிறது. கேள்வியே பிசகு என்பது என் எண்ணம். எதைப் போடுவது என்பது இரண்டாவது. ஸ்டிக்கருக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதுதான் முதலாவது.

எடுக்க வேண்டிய கட்டாயம் பல வழிகளில் வருகிறது. வாடகை வண்டிகளுக்கு எஃப்.சி. நாள். எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கொருமுறை, அதற்குமேல் ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்க வேண்டும். அதற்கு முந்தைய வாரம் பட்டறையில் டிங்கரிங், பெயிண்டிங்கோடு பழைய எழுத்தெல்லாம் இறங்கும். தேர்தல் அறிவிப்பு வந்தால் கட்சிச் சின்னங்கள் இறங்கும். வண்டி விற்றால் பெயர் இறங்கும். சில நேரம் சட்டமே ஒரே வீச்சில் இறக்கும். 2012 ஏப்ரல் 27 அன்று அவிஷேக் கோயங்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் கார்க் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்றது. மே 4 முதல் அமல். முன், பின் கண்ணாடிகள் 70 சதவீதம், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதம் ஒளியை உள்ளே விட வேண்டும் என்ற விதியைக் கண்ணாடியே நிறைவேற்ற வேண்டும், மேலே எதையும் ஒட்டி அந்தக் கணக்குக்கு வரக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். நாடு முழுக்க ஒரே நேரத்தில் லட்சக்கணக்கான கார்களில் ஃபிலிம் உரிக்கும் வேலை நடந்தது. (2021-இல் விதி மாறியதைக் காட்டி, அந்த ஒளி அளவுக்கு உட்பட்ட ஃபிலிமுக்கு அபராதம் போட முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் சொன்னது தனிக்கதை.) அடுத்த அலை 2024-இல். அந்த ஆண்டு மே 2 முதல், பிரஸ், போலீஸ், வக்கீல், ஆர்மி என்று தனியார் வண்டிகளில் ஒட்டித் திரிவோர் மீது சென்னைப் போக்குவரத்துப் போலீசார் நடவடிக்கை எடுத்தார்கள். நம்பர் பிளேட்டில் ஒட்டியவர்களும் அதில் அடக்கம்.

இரண்டு தேதிகளையும் பாருங்கள். அக்னி நட்சத்திரம் வழக்கமாகத் தொடங்குவது மே 4-ஐ ஒட்டித்தான். அண்ணாமலையாருக்குத் தாராபிஷேகம் நடக்கும் நாட்கள் அவை. நீதிமன்றமும் போலீசும் பஞ்சாங்கம் பார்த்து நாள் குறித்திருக்க மாட்டார்கள். ஆனால் ஸ்டிக்கர் உரிக்க அதைவிட நல்ல பருவம் இந்த ஊரில் கிடையாது. காரணம் சொல்ல, கொஞ்சம் ரசாயனத்துக்குள் போக வேண்டும்.

வினைல் என்று நாம் சொல்லும் தாள், வீட்டுத் தண்ணீர்க் குழாயின் பங்காளி. இரண்டும் பி.வி.சி. அந்தப் பிளாஸ்டிக் இயல்பில் விறைப்பானது. எண்ணெய்த்தன்மையுள்ள நெகிழ்த்திகளைக் கலந்தால்தான் துணிபோல வளையும். அமெரிக்காவின் குட்ரிச் நிறுவனத்தில் வால்டோ செமன் இதைக் கண்டது 1926-இல். பசையின் கதை அதற்கு ஒரு வருடம் மூத்தது, நம் விஷயத்துக்கு நெருக்கமானதும்கூட. அப்போது இரட்டை நிறக் கார்கள் மோஸ்தர். ஒரு நிறத்தை மறைத்து இன்னொன்றை அடிக்கப் பட்டறைக்காரர்கள் ஒட்டிய தாள், எடுக்கும்போது புதுப் பெயிண்டையும் பிய்த்துக்கொண்டு வந்தது. 3எம் நிறுவனத்துக்காக உப்புத்தாள் கொண்டுபோய்க் கொடுத்துவந்த ரிச்சர்ட் ட்ரூ என்ற இளைஞர் அந்தப் பட்டறைப் புலம்பலைக் கேட்டுத்தான் 1925-இல் மாஸ்கிங் டேப் செய்தார். பத்தாண்டு கழித்து ஸ்டாண்டன் ஏவரி முதல் ஸ்டிக்கர் லேபிள்களை விற்கத் தொடங்கியபோது கம்பெனிக்கு வைத்த பெயர் ‘கம் க்ளீன்’: சுத்தமாகக் கழன்று வரும் என்று பொருள். ஆக, அழுத்தி ஒட்டும் பசை என்ற தொழிலே ‘எப்படி எடுப்பது’ என்ற கவலையில் பிறந்தது. ஒட்டுகிற நம்மவர்கள்தான் அதை மறந்துவிட்டோம்.

நம் வீட்டில் இந்தப் பசையை நன்றாக அறிந்தவர்கள் பெண்கள். ஸ்டிக்கர் பொட்டு அதே இனம். குளியலறைக் கண்ணாடியில் மாதக்கணக்கில் ஒட்டிக் கிடந்த பொட்டை எடுத்தால் வட்டமாகக் கறை தங்கும். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டுப் போனால் திரும்பி வருகையில் வழித்துவிடலாம். புது எவர்சில்வர் பாத்திரத்தின் கடை ஸ்டிக்கரை அடுப்பில் லேசாகக் காட்டி உரிப்பதும் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். இளஞ்சூடு தாளையும் பசையையும் இளக்கும், எண்ணெய் மிச்சப் பசையை ஊதவைத்துப் பிடியை விடச் செய்யும். வண்டிப் பட்டறையின் வித்தையெல்லாம் இந்த இரண்டின் விரிவுதான்.

அப்படியானால் பழைய ஸ்டிக்கர் மட்டும் ஏன் படுத்துகிறது? நெகிழ்த்திதான் காரணம். வெயிலில் நின்று நின்று அது கொஞ்சம் கொஞ்சமாகத் தாளை விட்டுப் போய்விடுகிறது. கொஞ்சம் காற்றோடு, கொஞ்சம் பசைக்குள். தாள் பழைய விறைப்புக்குத் திரும்பி, அப்பளம்போல் நொறுங்குகிறது. விரல் நகமளவுத் துண்டுகளாகத்தான் வரும். கீழே பசையோ புற ஊதாக் கதிர்பட்டு ஒன்று காரையாக இறுகியிருக்கும், அல்லது வெல்லப்பாகாக இளகியிருக்கும். மலிவான தாள் உருளைகளுக்கிடையே இழுத்துச் செய்யப்படுவது. அது தன் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். சுருங்கினால் ஓரத்துப் பசை வெளியே நிற்கும், அதில் புழுதி படியும். எழுத்தைச் சுற்றிக் கறுப்புக் கரை கட்டியிருப்பது இதனால்தான். பானெட், கூரை போன்ற படுத்த பரப்புகளில் ஒட்டியது பக்கவாட்டில் ஒட்டியதைவிடச் சீக்கிரம் கிழடு தட்டும்.

எல்லாவற்றிலும் மோசம் ‘ரேடியம்’. ஒளி பட்டால் மின்னும் ஸ்டிக்கருக்கு நம் ஊர்ப் பெயர் அது. ரேடியத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கடைப் பலகை ‘ரேடியம் கட்டிங்’ என்றே இருக்கும். சாதா வினைல் ஒரு தாள் என்றால் இது அடுக்கு: மேலே ஒளிபுகும் படலம், நடுவில் நுண்ணிய கண்ணாடி மணிகள், அதன்கீழ் பளபளக்கும் பூச்சு, பிறகு பசை. இழுத்தால் மேல் அடுக்கு மட்டும் கையோடு வரும், மணிகள் உப்புத்தாள்போல் வண்டியிலேயே நிற்கும். அதன்மேல் துணி போட்டு அழுத்தித் தேய்ப்பவர் தன் பெயிண்டைத் தானே அரைக்கிறார்.

இனி முதல் கேள்விக்கு வருவோம். கீழே என்ன?

கம்பெனிப் பெயிண்ட் என்றால் பயம் குறைவு. வெற்று உடலாக இருக்கும்போதே சூளையில் சுமார் 140 பாகை வரை சுட்டு இறுக்கிய பூச்சு அது. அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிவிட்டவை, கரைப்பான் பட்டவுடன் கரையாது. பட்டறையில் அடித்த என்.சி. பெயிண்ட் அப்படியல்ல. தின்னர் ஆவியாகிப் போனதால் மட்டுமே காய்ந்த பூச்சு. மறுபடி தின்னர் பட்டால் மறுபடி இளகும். ‘தின்னர் போட்டேன், ஸ்டிக்கரோடு கலரும் வந்துவிட்டது’ என்று புலம்புபவர்களின் வண்டி பெரும்பாலும் ஒருமுறை பட்டறை கண்ட வண்டிதான். எஃப்.சி.க்கு எஃப்.சி. பெயிண்ட் பார்க்கும் வேன், ஆட்டோக்களில் இது சர்வசாதாரணம். கண்டுபிடிப்பது கடினமில்லை. கதவு ரப்பர், திருகுத் தலை, கண்ணாடி பீடிங் ஓரங்களில் பெயிண்ட் தூறியிருக்கிறதா பாருங்கள். சந்தேகமானால் கதவின் உட்புற மூலையில் வெள்ளைத் துணியில் ஒரு சொட்டுத் தின்னர் தொட்டுத் தேயுங்கள். துணியில் நிறம் ஏறினால் அந்த வண்டிக்குத் தின்னர் ஆகாது.

பைக், ஸ்கூட்டர்களின் பக்கப் பலகைகள் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக். நகப்பூச்சு நீக்கியில் இருக்கும் அசிட்டோன் அதைக் கரைத்தே விடும், தின்னரும் விட்டுவைக்காது. இது நான் காசு கொடுத்துக் கற்றது. என் பழைய ஸ்கூட்டரில் ஒரு கடையின் பெயரை எடுக்கத் தின்னர் தொட்டேன். பெயர் போயிற்று. அது இருந்த இடத்தில் சொரசொரப்பாக வெளுத்த தழும்பு ஒன்று, வண்டியை விற்கும் நாள்வரை, பெயரைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

டேங்க் மேல் கம்பெனியே கொடுக்கும் கோடுகளையும் எழுத்தையும் எடுக்க நினைப்பவர்கள் முதலில் நகத்தால் ஓரத்தைத் தடவுங்கள். விளிம்பு தட்டினால் அது மேலே ஒட்டியது. தட்டாவிட்டால் ஸ்டிக்கருக்கு மேலே வார்னிஷ் அடித்திருக்கிறார்கள். எந்த எண்ணெயும் அதைத் தொடாது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபெயிண்ட்தான் வழி. ஹெட்லைட் மூடி பாலிகார்பனேட். கரைப்பான் பட்டால் நுண்விரிசல் விழும். கண்ணாடிதான் இருப்பதிலேயே சாது: சோப்புத் தண்ணீரும் பிளேடும் போதும். ஆனால் காரின் பின் கண்ணாடியில் பனி நீக்கும் மெல்லிய கம்பிக் கோடுகள் உட்புறம் ஓடும். அங்கே பிளேடு வைத்தால் ஸ்டிக்கரோடு அந்தக் கோடும் போகும். 2012-இல் அவசரத்தில் ஃபிலிம் சுரண்டிய பலருக்கு இது மழைக்காலத்தில்தான் தெரியவந்தது.

கீழே என்னவென்று தெரிந்துவிட்டால் மேலே செய்வது சுலபம். வண்டியைக் கழுவி வெயிலில் நிறுத்துங்கள். சித்திரை வெயிலில் அடர்நிறத் தகடு 60 பாகையைத் தாண்டும்; கை வைத்தால் நொடிக்குமேல் தாங்காது. அந்தச் சூடு போதும், சொல்லப்போனால் கொஞ்சம் அதிகம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. சூடு கூடக்கூடத் தாள் இதமாக வரும், ஆனால் பசை முழுதும் பாகாகி வண்டியிலேயே தங்கிவிடும். ஆறிப்போனால் தாள் நொறுங்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் இருக்கிறது. காலை ஒன்பது, பத்து மணி வெயிலில் அந்தப் பதம் கிடைக்கும். ஓரத்தை நகத்தாலோ பழைய ஏ.டி.எம். கார்டாலோ கிளப்பி, தாளை அதன்மேலேயே மடித்து, உடம்பை ஒட்டினாற்போல் மெதுவாக இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் தாள் அறும், பட்டறைப் பெயிண்டாக இருந்தால் செதிலும் சேர்ந்து வரும்.

மழைக்காலம் என்றால் ஹேர் டிரையர், இல்லையேல் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணி. பட்டறைகளில் ஹீட் கன் உண்டு. வேகமான கருவி, அந்த வேகம்தான் அதன் ஆபத்தும். ஒரே இடத்தில் காட்டிக்கொண்டிருந்தால் பம்பர் நெளியும், பெயிண்ட் கொப்பளிக்கும், தாள் கருகினால் எரிச்சலூட்டும் அமிலப் புகை வரும். சன் ஃபிலிமுக்கு வேறு முறை: உட்புற ஃபிலிமில் சோப்புத் தண்ணீர் தெளித்து, கறுப்பு பாலிதீன் உறையைக் கண்ணாடியின் மறுபுறம் ஒட்டி, வெயிலில் ஒரு மணி நேரம். கறுப்பு வெப்பத்தை இழுத்துக் கொடுக்கும்.

மிச்சப் பசைக்கு இப்போது எண்ணெய்களின் தேர்தல். தேங்காய் எண்ணெய் மந்தமானது, ஆனால் எதையும் கெடுக்காது. துணியில் நனைத்து இரவு ஒட்டிவைத்துக் காலையில் வழித்தால், மற்றவை நாலு நிமிடத்தில் செய்வதை அது எட்டு மணி நேரத்தில் செய்யும். வீட்டில் ஒரு வண்டி வைத்திருப்பவருக்கு என் ஓட்டு அதற்கே. மண்ணெண்ணெய் நடுத்தரம்: கம்பெனிப் பெயிண்டை உறுத்தாது, பசையை நன்றாக இளக்கும், ரேஷனில் கிடைப்பது அருகிப்போனதுதான் குறை. டபிள்யூ.டி. 40 தெளிப்பானும் பெட்ரோலிய வகைதான், விலை கூடுதல். நீலகிரித் தைலம் கண்ணாடியில் பிரமாதம். பிளாஸ்டிக்கில் சோதித்துப் பார்க்காமல் வேண்டாம். சானிடைசர் இறுதித் துடைப்புக்கு நல்லது. பெட்ரோல் வேண்டவே வேண்டாம். டேங்க்கிலிருந்து குழாய் போட்டு உறிஞ்சி எடுத்து, சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் துணியில் நனைத்துத் தேய்ப்பவரைப் பார்த்தால் எனக்குத் தொண்டை அடைக்கும். அதில் புற்றுநோய்க்குக் காரணமான பென்சீன் உண்டு. தீ அதற்கு முன்பே வரலாம். எண்ணெய் எதுவானாலும் கடைசியில் ஷாம்பு தண்ணீரில் கழுவாவிட்டால், மறுநாள் கிரிவலப் பாதைப் புழுதி முழுக்க அங்கே வந்து உட்காரும்.

பிறகும் நிற்கும் அந்த நிழல்? அது அழுக்கல்ல. ஸ்டிக்கருக்கு அடியில் வெயில் படாத பெயிண்ட் இளமையாக இருக்கிறது, சுற்றியிருப்பதுதான் வெளுத்திருக்கிறது. அதனால் நிழலைத் தேய்ப்பதில் பயனில்லை. சுற்றியிருப்பதை ரப்பிங் காம்பவுண்ட் போட்டு மெருகேற்ற வேண்டும். லேசான வெளுப்பு சமனாகும். பத்து வருட வெளுப்பு ஆகாது. அதற்கு மறுபெயிண்ட், இல்லாவிட்டால் அதைவிடப் பெரிய ஸ்டிக்கர். நம் டிரைவர்களில் பலர் இரண்டாவதையே தேர்ந்தெடுக்கிறார்கள். வேன்களில் அண்ணாமலையார் வருடத்துக்கு வருடம் பெரிதாகிக்கொண்டே போவதற்குப் பக்தி மட்டும் காரணமல்ல.

அவரை எடுப்பதுதான் இந்த ஊரில் எல்லாவற்றிலும் சிக்கல். ஒரு பட்டறையில், வெடித்து உரிந்த சிவன் படத்தைக் காட்டி எடுத்துவிடச் சொன்னவரிடம் டிங்கர் கேட்டார்: “சாமி மூஞ்சில பிளேடு போடச் சொல்றீங்களாணா?” வண்டிக்காரர் பதில் பேசவில்லை. கடைசியில் விளிம்பிலிருந்து சூடு காட்டி, பிளேடே படாமல், அரை மணி நேரம் எடுத்துக் கழற்றினார்கள். துண்டுகள் தரையில் விழாதபடி ஒரு பையன் கீழே பேப்பரைப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் பார்த்தவற்றில் பெயிண்டில் ஒரு கீறல்கூட விழாமல் நடந்த வேலை அதுதான். பக்தியாகவோ பயமாகவோ இருக்கட்டும், ஃபைனான்ஸ் முத்திரைக்கும் அதே அரை மணி நேரத்தைக் கொடுத்தால் பாதி வண்டிகளில் தழும்பு இருக்காது.

எடுக்கவே கூடாதவையும் உண்டு. முன் கண்ணாடியின் உட்புறம் ஒட்டியிருக்கும் பதிவெண் ஸ்டிக்கர், பெட்ரோலுக்கு நீலமும் டீசலுக்கு ஆரஞ்சுமாக நிறம் காட்டுவது, சட்டப்படி இருக்க வேண்டியது. ஃபாஸ்டேக் கிளப்பினாலே செல்லாமல் போகும்படி செய்யப்பட்டது. கண்ணாடி மாற்றினால் புது டேக்தான். லாரி, வேன்களின் ஓரத்தில் ஓடும் மின்னும் பட்டைகள் இரவில் உயிர் காப்பவை. பெயிண்ட் வேலைக்காக எடுத்தால், எஃப்.சி. முடிந்துதான் என்றில்லாமல் அன்றே திருப்பி ஒட்டுங்கள்.

கடைசியாக, உரித்த குப்பை. அப்பளத் துண்டுகளாக நொறுங்கும் பி.வி.சி. பட்டறை வாசலிலிருந்து கூட்டித் தள்ளப்பட்டுக் கால்வாயில் விழுகிறது, மழை வந்தால் ஏரிக்குப் போகிறது. சாமி படமாக இருந்தால் அரசமரத்தடியில் வைத்துவிட்டு வருகிறார்கள். அங்கே அது சருகோடு சேர்ந்து என்றாவது எரிக்கப்படுகிறது. பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சினும் வரும். 2024-இல் திருவண்ணாமலை மாநகராட்சியாகிவிட்டது. வீட்டு வாசலுக்கு வரும் குப்பை வண்டியில் உலர் குப்பைக்கு என்று தனிப் பக்கம் இருக்கிறது. சாமியோ, கட்சியோ, கடன்கார முத்திரையோ, உரித்ததை ஒரு பையில் போட்டு அதில் கொடுத்துவிடுங்கள். கொளுத்தாதீர்கள்.